கேரட் நீட்டும் கைகளுக்கு

ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரைகளிலும் சென்னை மெரினா மணலிலும் குதிரையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பயணிகளுக்கும், குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய 350 டிகிரி அளவுக்குச் சுற்றுப்புறம் அதற்குத் தெரிகிறது. தெரியாத இடங்கள் இரண்டே. வாலுக்கு நேர் பின்னால் ஒன்று. நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்கு அடியிலுமாக மற்றொன்று. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பதும் முதலில் கை வைப்பதும் இந்த இரண்டாவது இடத்தில்தான். நெற்றியை நோக்கி நீளும் கை பாதி வழியில் குதிரையின் பார்வையை விட்டு மறைந்துவிடுகிறது. மறைந்த கை திடீரென்று தோலில் பட்டதும் குதிரை தலையை வெடுக்கென்று தூக்குகிறது. இதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புல் மேய்ந்து, வேட்டை விலங்குகளுக்குத் தப்பி ஓடியே பிழைத்து வந்த ஓர் இனத்தின் தற்காப்பு அது.

ஆகவே குதிரையிடம் போகும் வழி அதன் தோள்பக்கம். கயிற்றைப் பிடித்திருக்கும் குதிரைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு, குதிரையின் ஒரு கண்ணுக்குத் தெரியும்படி சாய்வாக, மெதுவாக, ஏதாவது பேசிக்கொண்டே நடந்து வருவது நல்லது. என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை. ஆள் வருவது அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சேணம் பூட்டுவதும் ஏறுவதும் வழக்கமாக இடப்பக்கமிருந்தே நடப்பதால், பெரும்பாலான குதிரைகளுக்கு இடப்பக்கம் ஆள் நிற்பது பழகியிருக்கும். நிற்க வேண்டிய இடம் முன்னங்காலுக்குப் பக்கவாட்டில், தோளை ஒட்டி. அங்கே நிற்பவரைப் பின்னங்கால் எளிதில் எட்டாது. கடிக்க வேண்டுமானால் கழுத்தை வளைத்துத் திரும்ப வேண்டும், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நேர் எதிரே நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மிரண்டால் குதிரை முன்பக்கமாகப் பாயக்கூடும். முன்னங்காலால் எட்டி அடிக்கவும் அதற்குத் தெரியும்.

சத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். குதிரைக்கு 33 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. பலூன் விற்கிற, ஊதல் ஊதுகிற கடற்கரையில் நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் குதிரை எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதைப் பக்கத்தில் போய்க் கத்துகிறவர்கள் ஒரு நொடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொடுவதற்கு ஏற்ற இடம் எது என்பதைக் குதிரைகளே காட்டித் தருகின்றன. மேய்ச்சலில் இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, ஒன்றின் முதுகை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடுவது வழக்கம். அவை அதிகம் தேடிப் போவது பிடரி முடியும் இடத்தை, அதாவது இரு தோள்களும் சேர்ந்து மேடாக உயரும் பகுதியை. பிரான்சின் காமார்க் பகுதிக் குதிரைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1993இல் வெளிவந்தது. அந்த மேட்டை மனிதர் சொறிந்துகொடுத்தபோது குதிரையின் இதயத் துடிப்பு குறைந்தது. குதிரைகள் அவ்வளவாகச் சொறிந்துகொள்ளாத வேறு இடத்தைச் சொறிந்தபோது அந்த விளைவு இல்லை. பாசத்தைக் காட்ட விரும்புகிறவர் கையைக் கொண்டு போக வேண்டிய இடம் அதுவே. முதலில் தோளில் கையை வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி நகர்த்தி, விரல் நுனிகளால் சற்று அழுத்திச் சொறியலாம்.

ஓங்கித் தட்டிக்கொடுப்பது பலருக்குப் பழக்கம். ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும் அளவுக்குக் குதிரையின் உடம்பு நுட்பமானது. அதற்குப் பளார் பளார் என்ற தட்டல் பாராட்டாகத் தெரிய வேண்டிய காரணம் எதுவும் இல்லை. குதிரைகள் ஒன்றையொன்று தட்டிக்கொள்வதும் இல்லை. வயிற்றின் அடிப்பகுதி, விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம், காதுகள், பின்னங்கால்கள் ஆகியவை புதியவர் தொடும் இடங்கள் அல்ல.

மூக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தொட ஆசை வருவது அங்கேதான்; பட்டைவிட மென்மையாக இருக்கும். ஆனால் மூக்கையும் உதட்டையும் சுற்றியுள்ள நீண்ட விறைப்பான முடிகள் ஒவ்வொன்றும் தொடுவுணர்வுக்கான உறுப்பு. மூக்குக்கு அடியில் கண் தெரியாத இடத்தில் எது இருக்கிறது என்பதைக் குதிரை அறிவது அந்த முடிகளாலும் மேலுதட்டாலும்தான். மனிதர் விரலால் தடவிப் பார்ப்பதைக் குதிரை உதட்டால் தடவிப் பார்க்கிறது. வருகிறவர் எல்லாம் வாயருகே விரலை வைத்து விளையாடினால், வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று குதிரை கற்றுக்கொள்கிறது. இன்று உதட்டால் தடவும். சில நாளில் பல் படும். பிறகு சட்டையைப் பிடித்து இழுக்கும்.

சொறிந்துகொடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. தோள்மேட்டில் விரல் சரியான இடத்தில் பட்டதும் குதிரையின் கழுத்து தாழும், கண் பாதி மூடும், மேலுதடு நீண்டு நெளியத் தொடங்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அடுத்து அது செய்ய விரும்புவது, தனக்குச் சொறிந்தவருக்குத் திருப்பிச் சொறிவது. குதிரைத்தோலுக்கு இதமாக இருக்கும் பல் மனிதத் தோளில் கன்றிப்போன தழும்பை விட்டுச் செல்லும். இதற்காகக் குதிரையை அதட்டுவது நியாயமில்லை, அது நன்றி சொல்கிறது. தலை தன் பக்கம் திரும்பத் தொடங்கும்போதே கையை எடுத்துவிட்டு, தலை நேரானதும் மறுபடி சொறியத் தொடங்கினால் போதும். சொறிதல் வேண்டுமானால் முகம் முன்னே பார்த்திருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான குதிரைகள் வெகு சீக்கிரம் புரிந்துகொள்கின்றன.

ஆளை இடித்துத் தள்ளும் குதிரை எப்படி உருவாகிறது என்பதை இங்கே விரிவாகச் சொல்வது அவசியம். இந்த மடல் எழுதப்படுவதே அதற்காகத்தான். ஏரிக்கரையில் ஒரு குதிரை நிற்கிறது. ஒரு பெண் கேரட்டை நீட்டுகிறாள். அடுத்து வருகிறவர் கையில் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய ஸ்வெட்டர் பாக்கெட்டில் கேரட் வாசனை இருக்கிறது. குதிரை மூக்கால் பாக்கெட்டை முட்டுகிறது. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், ஒருவர் போனில் வீடியோ எடுக்கிறார், பாக்கெட்டிலிருந்து கேரட் வெளியே வருகிறது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பாடம் நடந்து முடிந்துவிட்டது: முட்டினால் கிடைக்கும். மூன்றாவதாக வருகிறவர் மார்பில் இடி வாங்கிப் பயந்து பின்னால் நகர்கிறார். இது இரண்டாவது பாடம்: முட்டினால் ஆள் நகர்வார். நான்காவது ஆள் முட்டும் தலையைப் பிடித்துச் செல்லமாகத் தடவுகிறார். மூன்றாவது பாடமும் ஆயிற்று. இப்படியே சில வாரங்கள் போனபின், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று எதிரே வந்து நிற்கும். சவாரிக்கு நிற்கும் நடுத்தரக் குதிரைகூட 300 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அது வழக்கம்போலத்தான் முட்டும். குழந்தை தூக்கி எறியப்படும். குதிரைக்காரர், கூட்டத்தின் முன்னால் அவமானமும் பயமும் தாங்காமல், குதிரையின் முகத்தில் அறைவார். கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் அப்போது அங்கே இருக்க மாட்டார்கள். அடி குதிரைக்கு, பிழைப்பு போவது குதிரைக்காரருக்கு.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்ற பழமொழியைக் குதிரைமேல் ஏற்றிச் சொல்வது எளிது. ஆளை அடக்கி ஆளப் பார்க்கிறது, அதனால்தான் முட்டுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான முட்டலுக்கும் தள்ளலுக்கும் இவ்வளவு பெரிய நோக்கம் எதுவும் தேவையில்லை. செய்தது பலித்தது, ஆகவே மறுபடி செய்கிறது. பலன் எப்போதாவது மட்டும் கிடைத்தால் பழக்கம் குறையும் என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு முறையும் பலன் தந்து வளர்த்த பழக்கத்தைவிட, எப்போதாவது பலன் தந்து வளர்த்த பழக்கம்தான் மறைய அதிக காலம் பிடிக்கும் என்பது அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்து நிலைபெற்ற முடிவு. பத்துப் பேர் கேரட் கொடுக்காமல் இருந்து, பதினோராவது ஆள் கொடுத்தாலும் முட்டல் தொடரும். இன்னொன்றும் உண்டு. வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றுபோனால், குதிரை முதலில் இன்னும் பலமாக முட்டிப் பார்க்கும். அந்தக் கட்டத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், பலமாக முட்டினால்தான் கிடைக்கும் என்பது அதன் பாடமாகிவிடும்.

மனிதர் தாம் கற்றுக்கொடுப்பதை அறியாமலே கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரை. அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் கணக்குக் கேட்பார். ஹான்ஸ் சரியான எண்ணிக்கையில் குளம்பால் தரையைத் தட்டும். ஊரே வியந்தது. 1907இல் உளவியலாளர் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து உண்மையைக் கண்டார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் தன்னையறியாமல் இம்மியளவு அசையும். குதிரை அந்த அசைவைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது. இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் உயிருக்கு முன்னால் சிரிப்பது, பின்வாங்குவது, பாக்கெட்டுக்குள் கைவிடுவது எல்லாமே பேச்சுதான்.

முட்டும் குதிரை முன்னால் என்ன செய்வது? பயணிக்கான விடை சுருக்கமானது. முட்டும் வரை காத்திருக்கக் கூடாது. கழுத்து தன் பக்கம் நீளத் தொடங்கியதுமே தொடுவதை நிறுத்தி, முகத்துக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் தோளை நோக்கி ஓர் அடி நகர்ந்து, உள்ளங்கையை விரித்து அதன் கன்னத்துக்கும் தன் உடம்புக்கும் நடுவே தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். கையை வீசவோ தள்ளவோ வேண்டாம். குதிரை வந்து கையில் இடித்துக்கொள்ளட்டும். தலை திரும்பி நேரானால் அமைதியாகச் சொறிந்துகொடுக்கலாம். மறுபடி மறுபடி மேலே ஏறி வந்தால் குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். அந்நியர் ஒருவரின் குதிரையைத் திருத்துவது பயணியின் வேலை இல்லை.

குதிரையை வைத்திருப்பவர்களுக்கும், பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கும், ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் குட்டி வாங்கிப் போகிறவர்களுக்கும் வேலை இன்னும் அதிகம். ஆளுக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும்; அந்த இடத்துக்குள் ஆள் போகலாம், அழைக்காமல் குதிரை வரக் கூடாது. வந்தால், வந்த அளவுக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். தலைக்கயிற்றை லேசாகக் குலுக்கியோ மார்பில் விரல்களை வைத்து அழுத்தியோ பின்னடி எடுக்கக் கேட்கலாம். குதிரை ஓர் அடி வைத்த அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். புதிதாகக் கற்கும் குதிரையாக இருந்தால், உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்ததுமே விடலாம். அதற்குக் கற்பிப்பது அழுத்தம் அல்ல, அழுத்தம் விலகும் தருணம். மூன்று நான்கு நொடி தாமதித்து விட்டால் எதற்காக விட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றுவதும் இதே அளவுக்கு முக்கியம். அப்பா பின்னால் அனுப்ப, பிள்ளைகள் தலையைக் கட்டிக்கொண்டு உரசவிட்டால் குதிரை எதையும் கற்றுக்கொள்ளாது.

குட்டிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். தாயை இழந்து பாட்டில் பாலில் வளர்ந்த குட்டி, மனிதரைத் தன் இனமாகவே பாவித்து மேலே ஏறி விளையாடும்; கன்றுக்குட்டி அளவில் இருக்கும்போது ரசித்த அதே விளையாட்டு, மூன்று வயதில் எலும்பை முறிக்கும். ஆண் குட்டிகள் கடித்து விளையாடுவது இயல்பு. அவற்றுக்குக் கையால் தீனி கொடுக்காமல் இருப்பதே மிகச் சிறந்த வழி.

அடிப்பது இதில் எங்கும் வராது. முகத்தில் அடி வாங்கிய குதிரை, தலைக்கருகே எந்தக் கை வந்தாலும் ஒதுங்கப் பழகிவிடும். பிறகு கடிவாளம் மாட்டுவதே தினப் போராட்டம் ஆகும். முட்டியதற்கும் அடிக்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரிந்ததா என்பதும் சந்தேகம். கோபத்தில் இருக்கும்போது குதிரையைக் கையாளக் கூடாது என்று கிரேக்க எழுத்தாளர் ஜெனோஃபன் 2,300 ஆண்டுகளுக்கும் முன்பே எழுதி வைத்தார். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, துன்புறும்படி விலங்கை அடிப்பதும் அளவுக்கு மீறிச் சவாரி செய்வதும் குற்றம்.

தீனி கொடுப்பதானால் குதிரைக்காரரின் அனுமதியோடு, வாளியிலோ தட்டிலோ போட்டுக் கொடுப்பது நல்லது. கையால்தான் கொடுக்க வேண்டும் என்றால், குதிரை முகத்தை விலக்கி அமைதியாக நிற்கும் தருணத்தில், உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக் கொடுக்கலாம். விரல் எது, கேரட் எது என்று குதிரையால் பார்க்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. கேரட்டை வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கக்கூடும். நீளவாக்கில் நறுக்க வேண்டும். சிப்ஸ், பிஸ்கட், பிரெட், மிச்சம் வந்த சாப்பாடு எதுவும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே தள்ள வழியில்லாமல் வயிற்றுவலி வருகிறது. குதிரைகள் சாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கயிற்றைப் பிடிக்க நேர்ந்தால் அதைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. மிரண்டு ஓடும் குதிரை சுற்றியவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மீதக் கயிற்றை மடித்து, மடிப்பின் நடுவில் பிடிக்க வேண்டும். செருப்புக் கால், லாடம் அடித்த குளம்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூடிய காலணி நல்லது. பின்னால் கடந்து போக வேண்டுமானால் கால் எட்டாத தூரத்தில், குறைந்தது மூன்று நான்கு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பக்கத்தில் கட்டியிருக்கும் மற்றொரு குதிரையின் பின்கால் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையில் அடுத்தடுத்து நிறுத்தியிருக்கும் குதிரைகளுக்கு நடுவே புகுந்து போட்டோ எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. செல்பிக்காக முதுகைக் காட்டிக்கொண்டு குதிரையின் தலைக்குக் கீழே நிற்பது, பார்வை இல்லாத இடத்தில் பார்க்காமல் நிற்பது.

தொட வேண்டாம் என்பதைக் குதிரை முன்கூட்டியே சொல்லிவிடும். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் குதிரையின் முகத்தில் 17 தனித்தனித் தசையசைவுகளை வகைப்படுத்தினார்கள். அத்தனையையும் படித்திருக்க வேண்டியதில்லை. காதுகள் பிடரியோடு ஒட்டித் தட்டையாகப் பின்னால் படிந்தால் அது எச்சரிக்கை. நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகள் கொண்ட மார்வாரி, கத்தியவாரி குதிரைகளிலும் காது பின்னால் படிவது தெளிவாகத் தெரியும். கண்ணின் வெள்ளை தெரிவது, மூக்கும் உதடும் இறுகிச் சுருங்குவது, ஈ இல்லாமலே வாலைச் சுழற்றி அடிப்பது ஆகியவையும் அப்படித்தான். ஒரு பின்னங்காலின் நுனியை மட்டும் ஊன்றித் தளர்ந்து நிற்பது ஓய்வு. அதே காலை இறுக்கமாகத் தூக்கி வைத்திருப்பது மிரட்டல். சந்தேகம் இருந்தால் மூன்று நொடி தொட்டுவிட்டுக் கையை எடுத்துப் பார்க்கலாம். குதிரை அப்படியே நிற்கிறதா, கையை நோக்கிச் சாய்கிறதா, விலகிப் போகிறதா என்பது அதன் பதில். விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான். தீனி தின்னும்போதும், சவாரி முடிந்து வியர்வையோடு நிற்கும்போதும், பக்கத்தில் குட்டி இருக்கும்போதும் கேட்கவே வேண்டாம். மூக்கில் சளி ஒழுகும் குதிரையையும் தோலில் புண் உள்ள குதிரையையும் யாரும் தொடக் கூடாது. மனிதருக்கும் தொற்றக்கூடிய சில குதிரை நோய்கள் அப்படித்தான் வெளிப்படும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, பெரியவர் ஒருவர் குழந்தைக்கும் குதிரையின் தலைக்கும் நடுவே நிற்க வேண்டும். தூக்கி வைத்திருக்கும் குழந்தையைக் குதிரையின் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. குழந்தையின் முதல் தொடுதல் தோளில் இருக்கட்டும். எடுத்த எடுப்பில் கேரட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால், குதிரை என்றால் தீனி வாங்கும் வாய் என்று குழந்தை நினைக்கும். குழந்தை என்றால் தீனி தரும் கை என்று குதிரையும் நினைக்கும்.

எல்லாக் கவனத்துக்குப் பிறகும் பல் பட்டுவிட்டால், காயம் சிறியது என்று விட்டுவிடக் கூடாது. வெறிநாய் கடித்த குதிரைக்கு ரேபிஸ் வரலாம். எச்சில் வழியாக அது மனிதருக்கும் பரவும். தோல் கிழிந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், கடித்தது குதிரை என்று சொல்லி ரேபிஸ் தடுப்பூசி பற்றியும் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்க வேண்டும். டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணத்திலும் சாணம் கலந்த மண்ணிலும் இருக்கும். எனவே அங்கே விழுந்து சிராய்த்துக்கொண்டவருக்கும் இந்த ஊசி பொருந்தும். மார்பிலோ வயிற்றிலோ தலையிலோ உதை வாங்கியவர் வலி தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. கடித்த குதிரை எது என்பதைக் குதிரைக்காரரிடம் அடையாளம் காட்டிவிட்டு வருவதும் அவசியம். குதிரைக்கு நோய் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான், அன்று அந்தக் குதிரையைத் தொட்ட மற்றவர்களுக்கும் தகவல் போகும்.